சித்தி விளையாடிய இரண்டு ஆட்டங்கள்

என் சித்தி மலேசியாவில் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, பேஸ்பால் மாதிரியான சாப்ட்பால் ஆட்டத்தில் அங்கிருந்த பெண்கள் அணிக்குப் பந்து வீசினாள். மொத்தமே இரண்டு ஆட்டங்கள்தான். அதற்குள் கிள்ளானில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளைப் பற்றிப் பேசும்படி ஆகிவிட்டது.

கேண்டீனில் ஓடிய எலியை அவள் செருப்பை வீசி ஒரே அடியில் வீழ்த்தியதைப் பார்த்த சூப்பர்வைசர்தான் அவளை அணியில் சேர்த்தார். முதல் ஆட்டத்தில் எதிரணிப் பெண்களில் ஒருத்தியின் மட்டையிலும் பந்து படவில்லை. வீட்டில் எல்லாருக்கும் பெருமை. அம்மாவுக்கு மட்டும், தங்கை வெயிலில் கறுத்துவிடுவாளே என்ற கவலை.

இரண்டாவது ஆட்டம் சுபாங் ஜெயாவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்று மதியமே சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நல்ல இடம். ஒரே நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக்கூடாது. ஆட்டம் முடிந்த கையோடு அழைத்துப் போய்விடலாம் என்று அம்மா பட்டுச்சேலையையும் மல்லிகைப் பூவையும் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு திடலுக்கு வந்துவிட்டாள்.

ஆட்டம் முடிகிற வழியாக இல்லை. இரண்டு அணியும் ஒரு ஓட்டம்கூட எடுக்கவில்லை.

"எப்ப தம்பி முடியும்?" என்று அம்மா சூப்பர்வைசரைக் கேட்டாள்.

"யாராச்சும் ஒரு ரன் எடுத்தாதான் முடியும்லா அக்கா. உங்க தங்கச்சி எடுக்க விட மாட்டேங்குது."

"ஒரு பந்த மெதுவா போடச் சொல்லுங்களேன்."

அவர் அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

சித்தி கையை ராட்டினம்போல் சுழற்றி வீசிக்கொண்டே இருந்தாள். நடுநடுவே குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். எங்கள் அணிக்கு ஒரு ஓட்டம் கிடைத்தால் வெற்றி என்ற நிலையில் மட்டை பிடிக்க வந்தவள், மட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே எல்லாப் பந்தையும் போகவிட்டு ஆட்டமிழந்தாள். பாவம், களைத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன்.

அப்பா போன் செய்தார். "வந்து உக்காந்துட்டாங்க. என்ன சொல்றது?"

"கோயிலுக்குப் போயிருக்கோம்னு சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து நடுவர் "ஸ்டிரைக்" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்தக் கோயில்னு கேட்டா?" என்றார்.

கடைசியில் மழைதான் வந்து ஆட்டத்தை நிறுத்தியது. யாருக்கும் வெற்றி இல்லை. நாங்கள் நனைந்துபோய் வீடு சேர்ந்தபோது வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண் சாமியார் ஆகிவிடுவாள் போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பியதோடு சரி, பிறகு அவர்கள் வரவே இல்லை. இனிமேல் பந்தைத் தொடக்கூடாது என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். சித்தி மறுபேச்சுப் பேசாமல் ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்தாள். வேலையை மட்டும் விடவில்லை.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டாருக்காகச் செய்த கேசரியை அவள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்கு இப்படித்தான் பசிக்கும்போல என்று எனக்குத் தோன்றியது. விளக்கேற்றியதும் சாமி முன்னால் நின்று, சித்திக்குச் சீக்கிரம் வேறு மாப்பிள்ளை வரவேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்டேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை அவள் காதிலும் சொன்னேன். அதற்கு அவள் ஏன் என் தலையில் நறுக்கென்று குட்டினாள் என்பது எனக்கு அன்று விளங்கவே இல்லை.