வாங்காத வண்டிக்குத் தவணை

இரண்டு வருடத்துக்கு முன்பு, பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்த நேரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் செட் கட்டும் கம்பெனியில் நான் வேலை செய்கிறேன். அன்று ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கம்பெனி பஸ்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவன், என் பெயரை இனிஷியலோடு சேர்த்துச் சத்தமாகக் கூப்பிட்டான்.

"நீதானே அது? வண்டிய வாங்கி ஓட்டிக்கினு டியூ கட்டாம சுத்திக்கினு கீற. போன் போட்டா ராங் நம்பருன்ற!"

அதற்கு முன்பே ஒரு மாதமாக போன் வந்துகொண்டிருந்தது உண்மைதான். டூவீலர் கடனுக்குத் தவணை பாக்கி என்பார்கள். எனக்கு சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது. கடன் வாங்கியது நான் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், மறுநாள் வேறொரு குரல் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆனால் என்னோடு வேலை செய்கிற அத்தனை பெண்களும் பார்க்க, செக்யூரிட்டி பார்க்க, "ஏமாத்துக்காரி" என்று அவன் கத்துவான் என்று நான் நினைக்கவே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரமே என் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக்கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனிதர்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல வண்டிக் கடன் ஒண்ணு கட்டாம நிக்குதேம்மா. இது இருக்கிற வரைக்கும் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். என் மகள் என் முகத்தையே பார்த்தாள். மகளிர் குழுவில் வாங்கிய கடனை ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தவள் நான். இதைப் பெற்ற பிள்ளையிடமே நிரூபிக்க வேண்டிய நிலைமை வந்தது.

கடன் விவரங்களை எல்லாம் சேர்த்து வைக்கிற ஒரு நிறுவனம் இருக்கிறதாம். அங்கே ஆட்சேபணை எழுதலாம் என்று மேனேஜர்தான் சொன்னார். மகள் போனிலேயே எழுதி அனுப்பினாள். சில வாரம் கழித்துப் பதில் வந்தது: கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டோம், விவரம் சரிதான் என்று உறுதி செய்துவிட்டார்கள். தப்பு செய்தவனிடமே போய் "நீ தப்பு செய்தாயா?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? படித்தவர்கள் நடத்துகிற நியாயம் இதுதானா?

அதற்குள் கல்லூரியில் பணம் கட்டும் கெடு நெருங்கிவிட்டது. கம்மலை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டினேன். மீதிக்கு அவகாசம் கேட்டோம். கொஞ்ச நாள்தான் கொடுத்தார்கள், அதைத் தாண்டினால் சீட்டு போய்விடும் என்றார்கள்.

லீவு போட்டுவிட்டு, திருவள்ளூரில் இருந்த அந்த ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு பஸ் மாறிப் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. என் ஆதாரையும் பான் கார்டையும் நீட்டினேன். அங்கிருந்தவர் கையில் வாங்காமலே பேசினார்.

"பேரு அதே, இனிஷியலு அதே, பொறந்த தேதி அதே, பின்கோடும் அதே. அப்ப அது நீ இல்லாம வேற யாரும்மா?"

பிறந்த தேதி என்று அவர் சொன்னதும்தான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கப் போனபோது, பாதிப் பேரின் அம்மா அப்பாவுக்குத் தேதி தெரியாது. தலைமையாசிரியர் தேதி தெரியாத எல்லோருக்கும் ஜூன் மாதத்தில் ஒரே தேதியைப் போட்டுவிடுவார். அடைமழையில் பிறந்ததாக என் அம்மா சொல்லும் நானும் அப்படித்தான் வெயில் காலத்துப் பிள்ளை ஆனேன். எங்கள் வகுப்பில் என் பெயரிலேயே, அதே இனிஷியலோடு இன்னொருத்தி இருந்தாள். டீச்சர் என்னை நெட்டை என்றும் அவளைக் குட்டை என்றும் கூப்பிடுவார். அவளுக்கும் அதே ஜூன் தேதிதான்.

ஊர் திரும்பியதும் நேராக அவள் வீட்டுக்குத்தான் போனேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், செங்கல் சூளையில் கூலி வேலை. போகிற வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவதற்குத் தயாராகிக்கொண்டே போனேன். வாசலிலேயே ஆரம்பித்தும் விட்டேன். அவள், புருஷனுக்காகத் தன் பெயரில் வண்டி எடுத்ததையும், அவன் கால் உடைந்து படுத்ததையும், வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போன பிறகும் பாக்கி இருக்கிறது என்று மிரட்டுவதையும் சொன்னாள். அப்புறம் கேட்டாள்:

"உன் பொண்ணு படிப்பு என்னால நின்னு போச்சாடி?"

மறுநாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். கடன்காரர்களைக் கண்டால் ஒளிகிறவள், அந்த ஆபீஸுக்குள் எனக்கு முன்னால் நுழைந்தாள்.

"சார், கடன் என்னுது. இவுங்கள ஏன் பேஜார் பண்றீங்க? கேக்கறதுன்னா என்னாண்ட கேளு. என் ஊடு எங்க கீதுன்னு நானே காட்டறேன்."

இருவர் கார்டுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஆதார் எண் வேறு, பான் எண் வேறு, முகம் வேறு, உயரம் சொல்லவே வேண்டாம். ஒரு நிமிடம் பார்த்திருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும். அவரோ என்னை விட்டுவிட்டு அவளிடம் "அப்ப நீ எப்பக் கட்டுவ?" என்று திரும்பினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கடன் என்னுடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்து, முத்திரை போட்டுக் கொடுக்கும்வரை இங்கேயே உட்காருவோம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு இருவரும் உட்கார்ந்துவிட்டோம். சாயந்திரம் எழுதிக் கொடுத்தார்கள்.

அதை வைத்து மறுபடி ஆட்சேபணை போட்டோம். அந்தக் கடன் விவர நிறுவனம் எங்கள் இரண்டு பேர் கணக்கையும் ஒரே ஆள் என்று சேர்த்து வைத்திருந்தது அப்புறம்தான் வெளிவந்தது. அதனால்தான் என் போன் நம்பரும் கம்பெனி விவரமும் ஃபைனான்ஸ்காரர்கள் கைக்குப் போயிருக்கின்றன. கெடு முடிவதற்குள் அந்தப் பதிவு நீங்கியது, கல்விக்கடனும் கிடைத்தது. மகள் இப்போது மூன்றாம் வருடம் போகப்போகிறாள். அந்தச் சீட்டு மட்டும் போயிருந்தால் நான் யாரையும் மன்னித்திருக்க மாட்டேன்.

கேட்டில் நின்று கத்தியவன் திரும்ப வந்து, அதே கேட்டில், அதே பெண்கள் முன்னால் "தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்று சொல்லவில்லை. சரிபார்த்ததாகப் பொய்ப் பதில் அனுப்பியவர்களிடமிருந்து ஒரு வரி வருத்தம் வரவில்லை. திருவள்ளூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு "மன்னிச்சுக்கடி" என்று அழுதவள் அவள் ஒருத்திதான். அவள் செய்த தப்பு என்ன என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

கடனைக் கட்ட முடியாதவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வதை நானும் ஒரு காலத்தில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அந்த வார்த்தையை யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.