பாங்குக்குப் பதில்

மேல்விஷாரத்துத் தோல் ஷாப்பில் அந்த நாளில் சங்கு ஊதுவது கிடையாது. வேலையை நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும் தொழுகைக்கு அழைக்கும் சர்தார் பாஷாவின் பாங்கைக் கொண்டுதான். நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டதும், சுண்ணாம்புக் குழிகளில் முழங்கால்வரை நின்றவர்கள் மேலே ஏறிக் கால் கழுவுவார்கள். தொழுகிறவர்கள் பள்ளிவாசலுக்குப் போவார்கள். வேலாயுதத்தைப் போன்றவர்கள் வேப்பமரத்தடியில் கஞ்சிப் பானையைத் திறப்பார்கள்.

"பாய் கூப்டாத்தான் எனக்குப் பசிக்குது. அவரு மறந்துட்டா நான் குழியிலயே ஊறிப் பதமாயிடுவேன்" என்பான் வேலாயுதம்.

சர்தார் பாஷாவுக்கு வேலை ஆவாரம்பட்டைக் கிடங்கில். மூட்டைகளில் வரும் பட்டையை இடித்துத் தோல் ஊறும் தொட்டிகளுக்குக் கொடுக்க வேண்டும். புருவம், தாடி, காதுமடல் எல்லாவற்றிலும் பட்டைத் தூள் படிந்திருக்கும். ஷாப்பை ஒட்டிய சின்னப் பள்ளிவாசலில் மோதினார் இல்லாத ஒரு நாள் அவர் பாங்கு சொன்னார். மறுநாளும் சொன்னார். அதன்பிறகு வேறு ஆளைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

அவருடைய ஒரே மகள் வஜீதா. தாய் இல்லாமல் வளர்ந்தவள். அதே ஷாப்பில் தோல் ஏலத்துக்குக் கூவும் நயீம் அகமதுவைக் கட்டிக்கொடுத்து, மருமகனையும் வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலின் உள்ளே அவள் ஒருநாளும் போனதில்லை. ஆனால் தகப்பனின் பாங்கை அவளைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை. எந்தச் சொல்லை எவ்வளவு இழுப்பார், எங்கே மூச்சு வாங்குவார் என்பது அடுப்படியில் இருக்கும் அவளுக்குத் தெரியும். மோதினார் சொல்லச் சொல்ல, கேட்பவர்கள் அதையே வாய்க்குள் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது முறை; அதுதான் பாங்குக்குப் பதில். கையில் கரண்டியோடு அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்காக ஷாப்பு வாசலில் தோரணம் கட்டியிருந்த நாட்களில் ஒரு பகல், அந்த இழுப்பு பாதியில் அறுந்தது. மறுநாளும் அதே இடத்தில் அறுந்தது.

"அத்தா, வாயில இன்னா?"

"ஒண்ணுமில்லம்மா. உடைஞ்ச பல்லு குத்துது."

வாயைத் திறக்கச் சொன்னாள். மாட்டேன் என்றார். சோற்றில் மிளகாய் பட்டதும் அவர் கண்ணில் நீர் வந்த நாளில்தான் காட்டினார். நாக்கின் ஓரத்தில் வெற்றிலைக் காம்பளவு ஒரு புண். ஓரம் தடித்து, பதம் கெட்ட தோலைப்போல வெளுத்திருந்தது.

யுனானி ஹகீம் கொடுத்த தூளுக்கு அது அடங்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீரை வாயில் வைத்திருந்து விழுங்கினார். எரிச்சல் குறைந்ததாகச் சொன்னார், புண் வளர்ந்தது. வேலூரில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது புற்று என்றார். சென்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வழி சொல்லுவார்கள்: ஒன்று நாக்கை வெட்டி எடுப்பது, இன்னொன்று ரேடியம் என்ற ஊசிகளை நாக்கில் குத்தி வைப்பது.

மாட்டுவண்டியில் திரும்பினார்கள். பாலாற்று மணலில் சக்கரம் இறங்கியபோது சர்தார் பாஷா சொன்னார்:

"வெட்ட வேணாம், வஜீதா. சாவுறது எனக்குப் பெரிசில்ல. சாவுற நேரத்துல கலிமா சொல்ல நாக்கு வேணும். அது இல்லாமப் போயிடக் கூடாது."

இறைவன் ஒருவனே, முகம்மது அவன் தூதர் என்ற சாட்சிதான் கலிமா; சாகிறவரின் கடைசிச் சொல்லாக அது வர வேண்டும். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேண்டுதல் அது ஒன்றுதான். உயிரைக் கேட்டார்கள். அதற்கு முன்னால் நாக்கைக் கேட்டார்கள்.

பட்டணம் புறப்படும் முன் வீட்டில் ஆயத்துல் கரீமா ஓதினார்கள். மீனின் வயிற்றுக்குள் இருட்டில் கிடந்த யூனுஸ் நபி இறைவனிடம் மன்றாடிக் கேட்ட துஆ அது. பாயில் புளியங்கொட்டைகளைக் குவித்து, தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, ஒரு தடவை ஓத ஒரு கொட்டையாக இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்குத் தள்ளினார்கள். சர்தார் பாஷாவின் தங்கை ஹலீமா பீ, "வாயால ஓதுங்கடி, கண்ணால பக்கத்து வீட்டுக் கத பேசாதீங்க" என்று அதட்டிக்கொண்டே, எல்லாரையும்விட வேகமாகக் கொட்டை தள்ளினாள். வஜீதா ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டாள்: ஓதுவதை நம்பியிருக்கும்போது ஊசிக்குப் போவது நம்பிக்கைக் குறைவாகுமா?

"போகச் சொல்லு. ஊசி குத்துறது அவங்க வேலை. கேக்குறது நம்ம வேலை. ரெண்டும் நடக்கட்டும்" என்று பதில் வந்தது.

வாலாஜா ரோடில் ரயிலேறினார்கள். பெரியமேட்டில், முதலாளியின் தோல் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. நயீம் அவர்களை அங்கே விட்டுவிட்டுத் திரும்பினான். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். ஆண்கள் வார்டில் பகலில் மட்டும் வஜீதா இருக்கலாம் என்றார்கள். துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்காருவாள்.

நாக்கில் ஊசிகளைக் குத்திவிட்டார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நூல் இருந்தது. நூல்களை வாய்க்கு வெளியே எடுத்துக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். ஊசிகளை எடுக்கும்வரை பேசக் கூடாது, நாக்கை அசைக்கவே கூடாது, ஊசி விலகினால் மருந்து தப்பான இடத்தில் சுட்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். சர்தார் பாஷா தலையை ஆட்டினார். பாலைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். பகலில் பாங்கு கேட்கும் நேரமெல்லாம் வண்டிச் சத்தமும் டிராம் மணியும் சேர்ந்து அதை அமுக்கிவிட்டன.

ஆனால் விடியலில் வண்டிகள் இல்லை. இரண்டாம் நாள் காலை வஜீதா வார்டுக்குள் வந்தபோது தலையணை உறை சிவப்பாக இருந்தது. நர்ஸம்மா டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, கன்னத்து நூல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா உங்கப்பா இப்படிப் பண்றாரு? தூக்கத்துல எழுந்து உக்காந்து மந்திரம் மாதிரி ஏதோ சொல்றாரு. ஓடி வர்றதுக்குள்ள ரெண்டு ஊசி வெளிய வந்துடுச்சு."

வஜீதாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பெரியமேட்டுப் பள்ளிவாசலின் சுபுஹு பாங்கு விடியல் அமைதியில் வார்டுவரை வந்திருக்கிறது. ஆயுள் முழுக்க அதற்குப் பதில் சொன்ன நாக்கு, தூக்கத்திலேயே பதில் சொல்லிவிட்டது.

டாக்டர் வந்து சத்தம் போட்டார். புண் கிழிந்திருந்தது. ஊசிகளை மறுபடி குத்தவேண்டி வந்தது. திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தபோது சர்தார் பாஷா மகளைப் பார்த்த பார்வையில் வலியைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. பாங்கு மறுபடியும் கேட்கும். கேட்டால் என்ன செய்வது?

வஜீதா அவருடைய வலக்கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

"அத்தா, தொழுகையில உக்காந்து சாட்சி சொல்றப்ப விரல உயர்த்துறோம் இல்ல? அது போதும். பாங்கு கேட்டா விரலால பதில் சொல்லுங்க. நாக்குக்குப் பதிலா விரல். நான் புடிச்சுக்குறேன்."

அப்படிச் சொல்ல அவளுக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. பிற்பாடு ஊரில் ஹஜ்ரத்திடம் பயந்துகொண்டே சொன்னபோது அவர் கொஞ்சநேரம் தாடியைத் தடவிவிட்டு, "நான் சொல்லியனுப்பியிருக்கணும். நீ சொல்லிட்ட" என்றார்.

அன்று அவருக்குக் காய்ச்சல். விரலைத் தூக்கவும் தெம்பில்லை. வண்டிச் சத்தத்தில் பாங்கு சரியாகக் கேட்காவிட்டாலும், நேரம் பார்த்து வஜீதா தன் சுட்டுவிரலால் அவர் விரலை அடியிலிருந்து மெல்ல உயர்த்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கு அசையவில்லை. சுபுஹு நேரத்துக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் நர்ஸம்மாவிடமே கேட்டாள்.

"உங்க பாங்குக்கு நான் வந்து இவரு கையப் புடிக்கணுமா? எங்க சர்ச்சு மணி அடிக்கிறப்போ நீ வந்து என் கையப் புடிப்பியா?"

"புடிக்கிறேன் நர்ஸம்மா."

நர்ஸம்மா சிரித்துவிட்டாள். ஆனால் செய்தாள். விடியலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று பக்கத்துக் கட்டில்காரர் வஜீதாவிடம் சொன்னார்.

ஊசிகளை எடுத்தார்கள். வாய் முழுக்க வெந்து, அந்த வேக்காடு அடங்கி, புண் ஆறியது. ஊர் திரும்பியபோது ஷாப்பு வாசலில் வேலாயுதம் சுண்ணாம்புக் கையோடு ஓடி வந்தான். "வா பாய்! உன் மருமகன் பாங்கு சொல்லி, கன்னுக்குட்டித் தோலு ஏலம் போற மாதிரியே இருக்குது. என் கஞ்சியெல்லாம் ஊசிப்போச்சு." நயீம் வெட்கத்தோடு நின்றான். சர்தார் பாஷா மருமகன் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஹலீமா பீ தெருவுக்கெல்லாம் பாத்திஹா ஓதிச் சர்க்கரை கொடுத்தாள். கேட்டது கிடைத்தது என்றே எல்லாரும் சொன்னார்கள். வஜீதாவும் அப்படித்தான் நம்பினாள்.

ஒரு வியாழக்கிழமை அவருக்கு மதியக் கஞ்சி கொண்டுபோனவள் பட்டைக் கிடங்கின் கதவருகே நின்றுவிட்டாள். உள்ளே யாரும் இல்லையென்று நினைத்து, மூட்டைகளுக்கு நடுவில், காதில் கைவைத்து அவர் பாங்கு சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இருந்தது. அந்த இழுப்பும் இருந்தது. ஆனால் ஆறிய நாக்கு, காய்ந்த தோல் மாதிரி விறைத்துப்போயிருந்தது. நுனி மேலே போய் அண்ணத்தைத் தொடவில்லை. அல்லாஹ் என்ற பெயரில் நடுவில் நிற்கும் எழுத்துக்கு அந்த நுனிதான் வேண்டும். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர் குலைந்து வெளியே வந்தது. பிறகு கையைக் காதிலிருந்து எடுத்து, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

வஜீதா தூக்குச்சட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அவர் பிறகு பாங்கு சொல்ல முயலவில்லை. நயீம்தான் தொடர்ந்து சொன்னான். கூடத்தில் உட்கார்ந்தபடி சர்தார் பாஷா அதற்கு விரலால் பதில் சொல்வார். மருமகன் குரல் கீச்சிடும் இடத்தில் மட்டும் மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். பக்கத்தில் இருந்து இருந்து வஜீதாவுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பாங்கு கேட்டால் அவள் நினைக்குமுன் அவள் விரல் எழுந்துவிடும்.

மழைக்காலம் முடியுமுன் கழுத்தில் கட்டிகள் தெரிந்தன. வேலூர் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, இனிப் பட்டணம் போக வேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் வஜீதாவின் கையைப் பிடித்துக்கொண்டதால், மற்றதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுபடியும் பாய் விரித்து, புளியங்கொட்டைகளைக் குவித்தார்கள். அந்தத் தடவை ஹலீமா பீ யாரையும் அதட்டவில்லை. உயிரைக் கேட்பதை ஒவ்வொருவராக, ஒருவருக்கொருவர் சொல்லாமலே, விட்டுவிட்டார்கள் என்று வஜீதாவுக்குத் தோன்றியது. மிச்சமிருந்தது கலிமா மட்டும்.

அதுவும் கூடாமல் போயிற்று. கடைசி வாரத்தில் வாய் பூட்டிக்கொண்டது. பஞ்சில் நனைத்த தண்ணீர்கூட ஓரத்தால் வழிந்தது.

கடைசி நாள் பகல் முழுதும் அவருக்கு நினைவு வந்து வந்து போனது. திரைக்கு அந்தப் பக்கம் ஹஜ்ரத், சாகிறவர் அருகே ஓதும் யாசீனை ஓதிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பெண்கள் இருந்தார்கள். வஜீதா தகப்பனின் வலக்கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை குளிர்ந்துகொண்டு வந்தது. எல்லார் கண்ணும் அவர் வாயில் இருந்தது. உதடு அசையவில்லை.

பிற்பகல் அஸர் பாங்கு கேட்டது. நயீம் அழுதுகொண்டு சொன்னதால் அன்று அவன் குரல் கீச்சிடவில்லை. முதல் சொற்கள் முடிந்து, 'நான் சாட்சி சொல்கிறேன்' என்று வரும் இடத்தில், சர்தார் பாஷாவின் சுட்டுவிரல் எழுந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு விழுந்துவிட்டது.

"தூக்கிட்டாரு!" என்று ஹலீமா பீ அலறினாள். "எங்கண்ணன் சாட்சி சொல்லிட்டாரு! பாத்தீங்களாடி? எல்லாரும் பாத்தீங்களா?"

எல்லாரும் பார்த்திருந்தார்கள். பாங்கு முடிவதற்குள் மூச்சு நின்றிருந்தது. திரைக்கு அப்பாலிருந்து ஹஜ்ரத் விம்முவது கேட்டது.

அந்தச் செய்தி ஷாப்புக்கு ஷாப்பு போயிற்று. ஆற்காட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள் வஜீதாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வேலாயுதம் வாசலில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "விரலாலயே சொன்னாராமே" என்று மட்டும் நயீமிடம் சொன்னான்.

வஜீதா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர் விரல் எழுந்தது உண்மை. அந்த விரலுக்கு அடியில் அவள் விரல் இருந்ததும் உண்மை. எழுந்தது எது, எழுப்பியது எது என்று அந்த இடத்தில் அவளுக்கே தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவில் ஹஜ்ரத் வந்தவர்களிடம் அதையே எடுத்துச் சொன்னார்: வாய் பூட்டிய பிறகும் அந்த மனிதரின் விரல் சாட்சி சொன்னது என்றார். கூடத்தில் ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் போனபின், ஹலீமா பீயும் பாயைச் சுருட்டிவிட்டுப் போனாள்.

வஜீதா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தி மஃரிபு பாங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. வலக்கையை மடியில் வைத்து, அதன்மேல் இடக்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். விரல் அசையக் கூடாது, பார்க்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பள்ளிவாசலில் நயீம் தொண்டையைச் செருமுவது கேட்டது. பாங்கு தொடங்கியது. அவள் இன்னும் பலமாக அழுத்தினாள்.

சாட்சி சொல்லும் இடம் வந்தது. இடக்கையின் அடியில் விரல் எழுந்தது.