தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

இதை என் மனைவியிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால், அன்று நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். பேயைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமில்லை. அந்தக் காரியத்தைப் பற்றிப் பேசத்தான் நாக்கு கூசுகிறது.

ஆனால் நடந்தது நிஜம். நேரம் உட்பட எல்லாம் வேலைத்தாளில் எழுதியிருக்கிறது. அந்தத் தாள் இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. அதில் நான்கு வரிகள். ஒரு வரிதான் நான் எழுதியது.

முதலில் என் சகலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தங்கை கணவர். எனக்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். வேலைக்கும் எனக்குப் பிறகுதான் வந்தார், அதுவும் நான் கைகாட்டி. இருவரும் ஒரே கம்பெனியில் நெட்வொர்க் டெக்னீஷியன்கள். வந்த ஒன்பது வருஷத்தில் மனுஷன் என்னை ஓரங்கட்டிவிட்டார். மேனேஜர் வாயைத் திறந்தால் அவர் புராணம். மாமனார் வீட்டிலும் அதே கதை. "சின்ன மாப்பிள்ளை கை வெச்சா செத்த மெஷினும் எழுந்து உக்காரும்" என்பார் மாமனார், நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிடுவேன்.

பொறாமைதான். வேறு பெயர் எதற்கு?

அந்தச் சமயத்தில் தலைமை டெக்னீஷியன் இடம் காலியானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். "தனியா போய், நாலு மாட்யூலையும் நீங்களே மாட்டி முடிங்க. ஒழுங்கா முடிச்சா அந்த இடம் உங்களுக்கு. முடியலைன்னா உங்க சகலைக்கு" என்றார். யார் உதவிக்கும் போகக்கூடாது என்பது நிபந்தனை.

வேலை இதுதான். ஆபீஸில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரும் கடைசியில் ஸ்விட்ச் என்கிற ஒரு பெட்டியில் வந்து சேரும். பெரிய ஆபீஸ்களில் அது சின்ன ஃபிரிட்ஜ் அளவுக்கு இருக்கும். அதில் படிக்கட்டு மாதிரி எட்டு ஸ்லாட். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு ஈதர்நெட் மாட்யூலை, அதாவது ஒயர்கள் வந்து சேரும் ஒரு தட்டையான அட்டையை, சொருகலாம். காலி ஸ்லாட்டை ஒரு தகடு மூடியிருக்கும். தகட்டைக் கழற்றி, மாட்யூலைத் தள்ளி, அதன் இரண்டு ஓரத்திலும் உள்ள லீவர்களை ஒரே நேரத்தில் மடக்க வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் மாட்யூல் கோணலாக உட்காரும், சிவப்பு விளக்கு எரியும். சரியாக உட்கார்ந்தால் பச்சை. உடம்பில் உள்ள நிலைமின்சாரம் மாட்யூலைக் கெடுத்துவிடும் என்பதால், மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் ஒயரைப் பெட்டியில் கவ்விவிட்டுத்தான் தொட வேண்டும்.

என் இடது கை எப்போதும் முந்தும். சகலைக்கு ஒரு தடவைகூடச் சிவப்பு எரிந்ததில்லை.

கட்டடத்துக்குள் நான் நுழைந்தபோது மதியம் 2:10. பட்டப்பகல். வாசலில் வாட்ச்மேன் மட்டும். இரண்டாவது மாடி, நடைபாதையின் கோடியில் அந்த அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே இரண்டு வரிசை இரும்பு அடுக்குகள், ஏசி இரைச்சல், நல்ல குளிர். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கனமான தாழ்ப்பாள் இருந்தது. எப்போதோ திருட்டு நடந்து, அதன் பிறகு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நான்கு ஸ்லாட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து முதல் எட்டு வரை என் வேலை.

ஐந்தாவது ஸ்லாட்டில் என் இடது கை வழக்கம்போல முந்தியது. சிவப்பு. கழற்றித் திரும்ப மாட்டினேன். மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவைதான் பச்சை வந்தது. தாளில் எழுதினேன்: ஐந்து, 2:41. லேபிள் சுருளைக் கீழே வண்டியிலேயே விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆறு நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்து பார்த்தால் ஆறாவது ஸ்லாட்டில் பச்சை விளக்கு எரிகிறது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மாட்யூல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூத் தலைகளில் உள்ள கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. கழற்றிய தகடு தரையில் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மாட்யூல் வந்த உறை நான்காக மடிக்கப்பட்டிருந்தது. தாளில், சாய்ந்த கையெழுத்தில், பென்சிலில்... ஆறு, 2:46.

உங்களுக்கு இந்த இடத்தில் பயம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது எரிச்சல். இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்கிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருத்தர்தானே! நான் தோற்பதைப் பார்க்க வந்திருக்கிறார். வந்ததோடு, கைவரிசையையும் காட்டிவிட்டார். நாளைக்கு மேனேஜரிடம், "பாவம், திணறினார், நான்தான் போய்..." என்று அடக்கமாகச் சொல்வார். அடக்கமாகச் சொல்வதுதான் அவருடைய பெரிய ஆயுதம்.

"சகலை..." என்று கூப்பிட்டேன்.

ஏசி மட்டும் இரைந்தது.

அவர் செல்லுக்கு அடித்துப் பார்த்தேன். அந்த அறையில் சிக்னல் இல்லை.

சரி, இருக்கட்டும் என்று இரண்டு ஸ்லாட்டுக்கும் லேபிள் எழுதி ஒட்டி முடித்துவிட்டு, ஏழாவது மாட்யூலை எடுக்கக் குனிந்தேன். அதன் அட்டைப்பெட்டி காலி.

என் முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

டக்.

ஒரே ஒரு டக். இரண்டு லீவர்களும் ஒன்றாக மடங்கினால்தான் அப்படி ஒரே சத்தமாகக் கேட்கும். என் கையில், பச்சை வந்த தடவைகூட, டக்-டக் என்று இரண்டாகத்தான் கேட்கும்.

திரும்பினேன். ஏழாவது ஸ்லாட். ஆரஞ்சு விளக்கு மினுங்கி... மினுங்கி... பச்சையானது. மணி 3:04.

அப்போதுதான் இன்னொரு ஒயரைப் பார்த்தேன். என் பட்டையின் ஒயர் என் மணிக்கட்டிலிருந்து பெட்டிக்குப் போனது. அதன் பக்கத்திலேயே இன்னொரு கவ்வி. அதிலிருந்து கிளம்பிய பழைய ஒயர் அடுக்கின் ஓரமாக வளைந்து பின்பக்கம் போனது. தொய்வே இல்லை. மறுமுனையை யாரோ கையில் கட்டிக்கொண்டிருப்பது போல விறைப்பாக நின்றது.

நான் பார்க்கப் பார்க்க, அது மெல்ல அசைந்தது.

அடுக்கின் சல்லடைக் கதவு வழியாக ஒரு சாம்பல் நிற முழுக்கைச் சட்டை தெரிந்தது. முகம் தெரியவில்லை.

"சகலை, விளையாடாதீங்க. வெளிய வாங்க."

ஸ்க்ரூ முறுக்கும் சத்தம் வந்தது. கிர்ர்... கிர்ர்...

"என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க! வாங்கன்னா வாங்க!"

கிர்ர்...

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பட்டையைக் கழற்றி வீசினேன். வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

மணி 3:12.

இதுதான் நான் சொன்ன காரியம். உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டே, முழு நினைவோடு, தாழ்ப்பாளைப் போட்டேன். அரை மணி நேரம் குளிரில் உட்காரட்டும், கைராசி காப்பாற்றட்டும் என்று நடைபாதையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பொய் சொல்லமாட்டேன், மனசு குளிர்ந்தது.

3:19. கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, நிதானமாக.

நான் சிரித்தேன்.

3:22. மறுபடியும் தட்டு, இந்தத் தடவை வேகமாக. உள்ளே ஏதோ மணி அடித்தது. அவருடைய செல் என்று நினைத்தேன். சிக்னல் இல்லாத அறை என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம் கேட்டது. ஏசி என்று நினைத்துக்கொண்டேன்.

3:25. தட்டுகிற சத்தம் கீழே இறங்கியிருந்தது. நின்றுகொண்டு தட்டினால் எங்கே கேட்குமோ, அங்கே கேட்கவில்லை. முழங்கால் உயரத்தில் கேட்டது.

3:28. இன்னும் கீழே.

தரையோடு தரையாக.

நகத்தால் பிராண்டுகிற சத்தம்...

3:31.

ஒன்றுமில்லை.

அப்போதுதான் கொழுந்தியாள் முகம் கண்ணில் வந்தது. அவர்களுடைய மூன்று வயதுப் பெண் என்னைப் "பெரிப்பா" என்று கூப்பிடுவது காதில் கேட்டது. பாய்ந்து தாழ்ப்பாளைத் தள்ளினேன். அவசரத்தில் அது இரண்டு தடவை வழுக்கியது. கதவைத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"தப்பு என்மேலதான். மன்னிச்சிருங்க. வாங்க சகலை, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

யாரும் வரவில்லை.

ஆனால் குறுகலான வாசலில் ஒரு ஆள் உரசிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்... அப்படி ஒரு குளிர்ந்த காற்று என் தோளை இடித்துக்கொண்டு போனது.

உள்ளே போனேன். இரண்டு வரிசைக்கும் பின்னால் தேடினேன். ஒரு ஆள் ஒளிய அங்கே இடமே இல்லை. எட்டாவது ஸ்லாட்டில் பச்சை. அந்தப் பழைய ஒயர் தொய்ந்து தரையில் கிடந்தது. அதன் முனையில் பட்டை மூடியபடியே இருந்தது, உள்ளே கை இல்லாமல்.

தாளில் ஏழு, 3:04 என்று மூன்றாவது வரி. அதன் கீழே நான்காவது. எட்டு, 3:31.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே கையெழுத்துப் போட்டேன். வேலை முடிந்துவிட்டதே!

அங்கிருந்து நேராக மாமனார் வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் ஏணிமேல் நின்று சகலை சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை வெள்ளை, பாதி காய்ந்தும் போயிருந்தது.

"காலைல பத்து மணிக்கு ஏணி ஏறினவர், சாப்பிடத்தான் இறங்கினார். மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார் மாமனார். முதல் தடவையாக அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு எரியவில்லை. உட்கார இடம் தேடினேன்.

மறுநாள் அந்தக் கட்டடத்துக்குப் போய் வாட்ச்மேனைப் பிடித்தேன். முதலில் அவர் நழுவப் பார்த்தார். தாழ்ப்பாளைப் போட்டதைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏழு வருஷம் ஆச்சு சார். உங்க மாதிரி வேற கம்பெனியில இருந்து ரெண்டு பேர் வந்தாங்க, சாம்பல் சட்டைக்காரங்க. இதே பெட்டி, இதே நாலு ஸ்லாட். ஒருத்தர் கை ரொம்ப சுத்தம். இன்னொருத்தருக்கு அது பொறுக்கல. விளையாட்டுக்குத்தான்னு வெளிய வந்து தாழ்ப்பாளைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார். அந்த நேரம் பார்த்து நெருப்பணைக்கிற கேஸ் தானா திறந்துக்கிச்சு. மணி அடிக்கும், உடனே ஓடி வந்துரணும். எங்க ஓடறது? கதவடியில கிடந்தார் சார். ஒரு மாட்யூல்தான் மாட்டியிருந்தார், அதையும் அப்புறம் கழட்டிட்டாங்க. மூணு பாக்கி."

என் தாளில் நான் எழுதாத மூன்று வரிகள் கண்முன் வந்தன.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தனியா வந்த ஒருத்தரும் உங்கள மாதிரியே தாழ்ப்பாளைப் போட்டுட்டு ஓடிட்டார். மறுநாள் நான்தான் திறந்தேன். திறக்கும்போது வாசலை மறிச்சிக்கிட்டு நின்னேன். வாயைத் திறந்து யாரையும் கூப்பிடல." அவர் என் பக்கம் குனிந்தார். "நீங்க திறந்தப்போ... யாரையாவது கூப்பிட்டீங்களா?"

"என் சகலைதான் உள்ள இருக்கார்னு நெனச்சு... வீட்டுக்கு வாங்கன்னேன்."

"வழி விட்டீங்களா?"

தலையாட்டினேன். வாட்ச்மேன் தன் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இப்போது நான்தான் தலைமை டெக்னீஷியன். எனக்குச் சிவப்பு விளக்கு எரிவதே இல்லை. மாட்யூலைத் தள்ளினால், என் விரல் அழுத்துவதற்கு முன்பே இரண்டு லீவர்களும் ஒன்றாக மடங்குகின்றன. டக். ஸ்க்ரூவை நான் எப்படி விட்டாலும், மறுபடி பார்க்கும்போது கோடுகள் நேராக நிற்கின்றன. சில ராத்திரி என் இடது மணிக்கட்டை ஏதோ மெல்ல இழுக்கிறது. "பெரிய மாப்பிள்ளை கை வெச்சா போதும்" என்று மாமனார் இப்போது சொல்கிறார், சகலை எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதே.

போன வாரம் சகலை சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஒன்பது வருஷம் என் கண்ணில் இருந்தது.

வருகிற ஞாயிறு வேறொரு கட்டடத்தில் வேலை. எட்டு மாட்யூல் என்பதால் மேனேஜர் சகலையையும் துணைக்கு அனுப்புகிறார். நேற்று இருவரும் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். ஜன்னல் இல்லாத அறை. நான் உள்ளே ஸ்லாட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சகலை வாசலிலேயே நின்றுவிட்டார். கதவின் வெளிப்பக்கம் எதையோ தள்ளித் தள்ளிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"புதுசு போல, சகலை" என்றார். "நல்லா கெட்டியா இருக்கு."