திருவிருந்துக்கு எழாத சாராள் அக்கா

சாராள் அக்கா இறந்த செய்தி எனக்குச் சபையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பறக்கும் புறாக்கள், ஒளி வீசும் சிலுவை, நடுவில் அக்காவின் பழைய பாஸ்போர்ட் படம். கீழே, ‘எங்கள் சபையின் தூண் சாய்ந்தது’ என்று போட்டிருந்தது. அனுப்பியவர் சபைச் செயலாளர். அக்காவின் முகத்தைப் பார்த்து அழுகை வருவதற்குள் அந்த வரியைப் பார்த்து எனக்கு வயிற்றைப் புரட்டியது. அந்தத் தூணை அவர்கள் எந்த மூலையில் வைத்திருந்தார்கள் என்பது குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கைகூப்பும் பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. போனைக் கவிழ்த்து வைத்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களும், அவர் கையால் கட்டுப் போட்டுக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சாராள் அக்கா தேவதானப்பட்டியில் பிறந்தவர். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து, அங்கேயே தலைமைச் செவிலியராக ஓய்வு பெற்றவர். அதே மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் நான். இருவரும் ஒரே சபை. அக்காவின் கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள் கிருபா, கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

அவரைத் தயவுசெய்து புறாக்களுக்கு நடுவே வைக்காதீர்கள். அவர் சாந்தமானவர் இல்லை. வார்டில் அவர் குரல் கேட்டால் நோயாளியோடு படுத்திருக்கும் சொந்தக்காரர்கள் எழுந்து ஓடுவார்கள். நீண்ட ஜெபம் அவருக்கு ஆகாது. யாராவது சாட்சி சொல்ல எழுந்து, கர்த்தர் தனக்குக் கார் கொடுத்த கதையை ஆரம்பித்தால், கைப்பையைத் திறந்து பாக்குப் பொட்டலத்தைத் தேடுவார். கட்டுப் போடும் தட்டைக் கையில் எடுக்கும்போது மட்டும் ஒரு நொடி கண்ணை மூடுவார். ஜெபமா என்று ஒருமுறை கேட்டேன். “மூக்குக்குப் பக்குவம் சொல்றேன்” என்றார்.

ஏலக்காய் மலையில் கூலி வேலை பார்த்த ஒரு பெரியவரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். காலில் புண். உள்ளே புழு நெளிந்துகொண்டிருந்தது. அவருடைய மகன்களே வராந்தாவைத் தாண்டி வரவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாராள் அக்கா டர்பன்டைன் ஊற்றி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். பாதியில் எழுந்து வெளியே போனார். முருங்கை மரத்துக்குப் பின்னால் அவர் வாந்தி எடுத்த சத்தம் என் ஜன்னல்வரை கேட்டது. வாயைக் கொப்பளித்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடி உள்ளே போனார். பெரியவர் கூசிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதற்கு அக்கா சொன்னதைப் பயிற்சிப் பெண் என்னிடம் வந்து சொன்னாள். “புண்ணுன்னா நாறத்தான் செய்யும் பெரியவரே. அது ஒங்க தப்பில்ல. மனுசன் வாயி நாறுனாத்தான் தப்பு.”

அந்தப் பெண்ணையும் அவர் திட்டவில்லை. “கொமட்டுச்சுன்னா வெளிய போயி எடு. எடுத்துட்டு உள்ள வா. திரும்பி வராமப் போறதுதான் பாவம்” என்றார். நான் கேட்ட பிரசங்கங்களில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

இனிச் சொல்லப்போவது பாக்கியத்தின் கதையும்கூட. அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றிவிடவா என்றேன். ஊருக்கே தெரிஞ்சதுக்கு எதுக்கு வேற பேரு என்றாள்.

பாக்கியம் ராயப்பன்பட்டிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் சபைக்கு வந்தவள். கணவன் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினான். எச்.ஐ.வி. நோயை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனான். அவள் மாத்திரை தவறாமல் சாப்பிட்டு, திராட்சைத் தோட்டங்களில் கொடி கட்டியும் பழம் வெட்டியும் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேனியில் மாத்திரை வாங்கும் வரிசையில் அவளைப் பார்த்த யாரோ ஒருவர் ஊரில் வந்து சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறு அடுத்து வருவதற்குள் சபை முழுவதற்கும் தெரிந்திருந்தது.

எங்கள் சபையில் ரசம் குடிக்க எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம். முழங்காலிட்டிருப்பவர்களின் உதட்டுக்கு, நாங்கள் ஐயர் என்று அழைக்கும் போதகர் அதைக் கொண்டுவருவார். பாக்கியம் கடைசியாக வந்தால் நல்லது என்று செயலாளரின் மனைவி அவளிடம் பக்குவமாகச் சொன்னார். அவளும் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியாகப் போனாள். அவள் குடித்து முடிக்கும்வரை சாராள் அக்கா பெஞ்சை விட்டு எழவில்லை. பிறகு எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, அதே பாத்திரத்தில் குடித்துவிட்டு வந்தார். ஒவ்வொரு மாதமும் அப்படியே செய்தார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதுவும் சபையாருக்குப் பொறுக்கவில்லை. கமிட்டி கூடிப் பேசி, பாக்கியத்துக்கு இனி அப்பம் மட்டும் போதும் என்று முடிவெடுத்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது செயலாளர் அதைச் சொன்னார். யாரையும் ஒதுக்கவில்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள் பயப்படுகிறார்கள், எல்லாம் சுத்தத்துக்காகத்தான் என்றார். பாக்கியம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் இல்லாததுபோலவே பேசினார்.

சாராள் அக்கா எழுந்தார். வார்டில் கேட்கும் குரல் இல்லை, மெதுவாகத்தான் பேசினார்.

“இந்த நோயி எச்சில்ல தொத்தாது. அது ஒங்களுக்கும் தெரியும், ஐயருக்கும் தெரியும். அத விடுங்க. அந்தப் பாத்திரத்துல ஊத்துற ரசம் எந்தப் பழத்துல பிழியிறீக? தோட்டத்துல பாக்கியம் வெட்டிக் கூடையில போட்ட பழந்தான? அவ கை ஆகும், வாய் ஆகாதா?”

ஐயர் தன் அங்கியின் மடிப்பைச் சரிசெய்தார். பின்னாலிருந்து ஒருவர், இதைப் போய்ப் பெரிதாக்க வேண்டாம் சிஸ்டர் என்றார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள். பேச்சு மழைக்கும் திராட்சை விலைக்கும் போய்விட்டது. அந்தத் தேநீரை அவர்கள் உறிஞ்சிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பாக்கியம் எப்போது எழுந்து போனாள் என்று யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் வரவில்லை. சாராள் அக்கா வந்தார். வழக்கமான இடத்தை விட்டுவிட்டு, செருப்பு கழற்றும் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். திருவிருந்து வேளையில் எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஐயர் வீட்டுக்கு வந்து காரணம் கேட்டார். “அவளுக்கு இல்லாதது எனக்கு எறங்காது ஐயர்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வேறு சபைக்குப் போய்விடலாமே என்று நான் கேட்டேன். “போனா இவெங்களுக்கு நிம்மதியாப் போயிரும். மாசாமாசம் நான் உக்காந்திருக்கதப் பாக்கட்டும்” என்றார்.

நானும் அந்தப் பெஞ்சுக்கு மாறினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “மார்த்தா, எனக்காக இங்கன இருக்காத. ஒனக்குக் கொமட்டுனா இரு” என்றார். எனக்குக் குமட்டியது. இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பாக்கியம், சாராள் அக்கா வீட்டில்தான் சாப்பிடுவாள். தனக்கென்று ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தாள். அக்கா அதைக் கண்டுபிடித்த அன்று நான் கூட இருந்தேன். அதை எடுத்துப் பொதுவான டம்ளர்களோடு கலந்து கழுவினார். “ஒன்னிய நீயே ஒதுக்கிட்டேன்னா அவெங்களுக்கு வேல மிச்சம்” என்றார். பாக்கியம் அன்று சோற்றில் கை வைக்கவில்லை. வெகுநேரம் அழுதாள். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. ரசத்தை மறுபடி சூடு பண்ணினார்.

சர்க்கரை நோய் அக்காவின் காலில் வந்து நின்றது. விரல்களை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. கோயம்புத்தூருக்கு வரச் சொல்லி கிருபா கெஞ்சினாள். அவர் போகவில்லை. மற்றவர்களின் புண்ணைத் துடைத்தவர் தன் புண்ணைப் பொறுமையாகத் தாங்கினார் என்று சொன்னால் அது பொய். தன் கால் அவருக்கே பிடிக்கவில்லை. கட்டுப் பிரிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். தினமும் கட்டு மாற்றியது பாக்கியம். ஒருநாள் கோபமாகவே அவளிடம், “எனக்கே கொமட்டுது, ஒனக்குக் கொமட்டலையா” என்று கேட்டார். பாக்கியம் நிமிராமல், “கொமட்டுதுக்கா. கால நீட்டுங்க” என்றாள். அக்கா சிரித்துவிட்டார். அந்த மாதங்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சபையிலிருந்து ஜெபக்குழு வந்தது. வாசற்படியைத் தாண்டவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே ஜெபித்தார்கள். கிளம்பும்போது ஓர் அம்மாள் பையிலிருந்து வாசனைத் திரவியத்தை எடுத்து அறைக்குள் நீட்டி அடித்துவிட்டுப் போனார். அன்பளிப்பாம். “கக்கூஸுக்கு அடிக்கிறத எனக்கு அடிச்சிட்டுப் போறாளுக” என்றார் அக்கா. புண்ணின் நாற்றத்தோடு அந்த மல்லிகை வாசனையும் சேர்ந்து அறையில் நின்றது. இரண்டில் எது சகிக்க முடியாதது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்.

நச்சு இரத்தத்தில் ஏறி, ஒரு விடியற்காலையில் அவர் போனார். கிருபாவும் பாக்கியமும் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

அடக்க ஆராதனைக்கு ஆலயம் நிறைந்திருந்தது. குடும்பத்தாருக்கான முன் பெஞ்சில் கிருபா பாக்கியத்தைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அதே பெஞ்சில் இருந்த உறவுக்காரப் பெண்கள் இருவர், காற்று வரவில்லை என்று சொல்லி எழுந்துபோனார்கள். செயலாளர் இரங்கலுரை வாசித்தார். தியாகம் என்றார், தாய்மை என்றார். பிறகு கொஞ்சமும் நா கூசாமல் சொன்னார்: “உலகமே ஒதுக்கிய நோயாளிகளுக்கும் திருவிருந்தில் இடம் கொடுத்த சபை நம் சபை. அதற்கு நம் சாராள் அம்மாவே சாட்சி.”

பாக்கியம் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“எனக்குக் குடுக்கலையேய்யா” என்றாள்.

செயலாளர் ஒருமுறை இருமினார். கையில் இருந்த தாளில் விரல் வைத்து, விட்ட இடத்தைத் தேடி, “மேலும்” என்று ஆரம்பித்தார். கடைசிவரை வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார். ஐயர் பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லோரும் பாடினார்கள். பெட்டிக்குள் படுத்திருந்த அக்கா இதைக் கேட்க வேண்டியதில்லையே என்று அந்த ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் குழியருகே மண்ணைக் குவித்திருந்தார்கள். கிருபா ஒரு பிடி போட்டாள். அடுத்து பாக்கியம் போட்டாள். அதற்கடுத்து வந்த அம்மாள், பாக்கியம் அள்ளிய பக்கத்தை விட்டுக் குவியலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அள்ளியதை நான் பார்த்தேன். மண்ணுக்கும் எச்சில் உண்டு போல.

இத்தோடு முடிந்ததென்று நினைத்தேன். அடுத்த திருவிருந்து ஞாயிறன்று, பலிபீடத்தின்மேல் வெள்ளிப் பாத்திரத்துக்குப் பதிலாக ஒரு பெரிய தட்டும், அதில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்களும் இருந்தன. பெஞ்சுக்குப் பெஞ்சு தட்டைக் கொண்டுவருவார்கள்; ஆளுக்கொன்று, குடித்துவிட்டுக் கூடையில் போட்டுவிடலாம். தட்டின் விளிம்பில் ‘சகோதரி சாராள் நினைவாக’ என்று பொறித்திருந்தார்கள். நன்கொடை, செயலாளர் குடும்பம். அந்த எழுத்துகளைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே குமட்டி, வாயில் எச்சில் ஊறி, எழுந்து வெளியே ஓட வேண்டியிருந்தது. அவர் எதை எதிர்த்துக் கடைசிவரை எழாமல் உட்கார்ந்திருந்தாரோ, அதையே செய்து, அவர் பெயரையும் அதன்மேல் வெட்டி வைத்துவிட்டார்கள்.

இனிப் பாக்கியமும் தாராளமாக வரலாம் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவள் கொடி கட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள். “ஆளுக்கொரு கிண்ணம்னா அது எங்க வீட்லயே இருக்கு” என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

அக்காவின் அன்பு என்னிடம் இருக்கிறது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லை இந்த வாரங்களில் நிறையப் பேர் மென்று துப்பிவிட்டார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது குமட்டல். புண்ணுக்கு முன்னால் அதைத் தாண்டித் திரும்பி வர அவருக்குத் தெரிந்திருந்தது. பொய்க்கு முன்னால் அதை விழுங்காமலிருக்கவும் தெரிந்திருந்தது. முதலாவது எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. இரண்டாவது இருக்கிறது. தட்டு என் பக்கம் வரும்போது, வேண்டாம் என்று தலையசைக்கிறேன்.