சுடுகாட்டுக்கு வழி விட்ட தலைவர்

கீழ்பென்னாத்தூரை அடுத்த அந்தக் கிராமத்தில் ஊராட்சித் தலைவர் நாற்காலி இராமலிங்கத்தின் வீட்டுச் சொத்து மாதிரி. தாத்தா இருந்தார், அப்பா இருந்தார். ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் அவர்களுடையது; எதிர்த்து நிற்க யாருக்கும் தோன்றவில்லை. மூத்தவர் சின்னசாமி விவசாயத்தைப் பார்த்துக்கொள்ள, சென்னையில் பி.ஏ. முடித்து வந்த இளையவர் இராமலிங்கம் 2006-இல் தலைவரானார். அவர் கேட்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

மேடை என்றாலே அவருக்கு ஆகாது. ஒரு கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானத்தை வாசிக்கும்போதே கொட்டாவி விட்டார். சனங்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் சொன்னால் செய்வார், முடியாததைச் சொல்லமாட்டார் என்று பெயர் இருந்தது. அதை நம்பித்தான் 2011-இல் கட்சிக்காரர்கள் திருவண்ணாமலைக்கு வரச்சொல்லி, ஒரு லாட்ஜில் உட்காரவைத்து, சட்டமன்றத் தேர்தலில் நில்லுங்கள் என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். "எனக்கு ஊரே ஜாஸ்திங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். காலனி மக்களின் சுடுகாடு ஓடைக்கு அப்பால் இருந்தது. ஓடையில் இறங்காத, மேட்டுப்பாங்கான நேர்வழி இராமலிங்கத்தின் நெல்வயல் ஓரமாகப் போகும். அதில் காலனிப் பிணம் போகக்கூடாது என்பது தாத்தா போட்ட கட்டு. காலனியின் வார்டு மெம்பர் தனம் கூட்டத்துக்குக் கூட்டம் மனு கொடுத்தார். "பாக்கலாம்மா" என்பார் இராமலிங்கம். ஒன்பது வருடம் பார்த்தார்.

2015 கார்த்திகை மழையில் தனத்தின் மாமியார் ஆராயி இறந்தார். ஓடையில் மார்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆறு பேர் இறங்கினார்கள். சேதி கேட்டு வந்த இராமலிங்கம் வரப்பில் குடையோடு நின்றார். நடு ஓடையில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்து, கிழவியின் கை நழுவித் தண்ணீரில் இழுபட்டது.

தனம் அழவில்லை. "தலைவரே, கொடைய புடிச்சினு நின்னு பாக்கறீங்களே, இன்னும் எத்தினி பேர இப்பிடித் தூக்கணும்?" என்று கேட்டார்.

இராமலிங்கம் குடையை மடக்கிவிட்டு நனைந்தபடியே வீட்டுக்குப் போனார்.

வயலோரம் காலனிக்கு வழி விடப்போகிறேன் என்று சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் பாதியில் எழுந்தார். "தாத்தா காலத்துல இல்லாதத நீ இன்னாடா புதுசா பண்றது?"

"அவரு காலத்துல நமக்கு வெக்கம் கம்மிண்ணா."

"அடுத்த தபா எவன் ஓட்டுப் போடுறான்னு பாக்கறேன்."

பாகப்பிரிவினையில் அந்த வயல் இராமலிங்கத்துக்கு வந்திருந்ததால் அண்ணன் கையெழுத்து தேவைப்படவில்லை. தை அறுப்பு முடிந்ததும் சர்வேயரை வைத்துப் பன்னிரண்டடி அகலம் அளந்து, ஊராட்சிக்கே தானமாகப் பத்திரம் பதிந்துகொடுத்தார். வாய்வார்த்தையாக விட்டால் பின்னால் வருகிறவர் அடைத்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த தேர்தல் 2019 கடைசியில்தான் வந்தது. எதிர்த்து நின்றவர் அண்ணன் மகன் பிரகாஷ். சொந்தக்காரர்கள் இவரிடம் சிரித்துப் பேசிவிட்டு அங்கே முத்திரை குத்தினார்கள். காலனி மக்கள் இவர் பக்கம் நின்றும் நாற்பத்தோரு ஓட்டில் தோற்றார். தோல்வி பெரிதாக உறைக்கவில்லை. மடியில் உட்காரவைத்துச் சோறூட்டி வளர்த்த பிள்ளை, தன் வாசலில் பட்டாசு வெடித்துவிட்டுப் போனதுதான் உறைத்தது. மறுமாதமே மனைவி அருணாதேவியோடு திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலைப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்தார்.

நான்கு வருடம் கழித்து அந்த வழிக்கு சிமென்ட் ரோடு போட்டார்கள். தனம் போன் செய்து கூப்பிட்டதால் திறப்பு விழாவுக்குப் போனார். பிரகாஷ் ரிப்பன் வெட்டிப் பேசினார். பேச்சில் சித்தப்பா பெயர் வரவில்லை. பின்வரிசையில் நின்ற இராமலிங்கத்தின் முகம் சுண்டிவிட்டது. கிளம்பப் பார்த்தவரைத் தனம் மறித்தார்.

"கடேசி வரிக்கும் நடந்து பாத்துட்டுப் போங்க. நீங்க அங்க வந்ததே இல்லியே."

உண்மைதான். இருவரும் நடந்தார்கள். ஆராயியை எரித்த இடத்தைத் தனம் காட்டினார். இராமலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நின்றார். "மன்னிச்சுக்கம்மா" என்றார்.

தனம் வந்த வழியே திரும்பினார். "வெயில் ஏறிப்போச்சு. வூட்டுல சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றார்.

அவ்வளவு வருடம் தலைவராக இருந்தும் காலனியில் அவர் கைநனைத்ததில்லை. அன்று தனம் வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி குழம்பும் கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸில் திருவண்ணாமலைக்குத் திரும்பினார்.