அண்ணன் சட்டை, அண்ணன் பெயர்

ஒருவர் இறந்தால் முதலில் அதைப் பதிய வேண்டும். அதன் பிறகே புதைக்க அனுமதி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்கப் பதிவு அலுவலக முகப்பில் உட்கார்ந்து இந்த விதியை வந்தவர்களுக்கெல்லாம் ஒப்பித்தவன் நான். என் அண்ணன் சண்முகத்துக்கு மட்டும் அதை யாரும் பின்பற்றவில்லை.

மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அண்ணன் ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, அது கொதிக்கும்போது என் தொடையில் வைத்துவிட்டு, நான் அலறியதும் தானே எச்சில் தொட்டுத் தடவிவிடுவான். "சூடு போடுறது" என்று அதற்குப் பெயர். அவன் முதல் வகுப்பில் சேரவிருந்த பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கையில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தார்கள்; அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்க அங்கே ஆளில்லை.

இரண்டு வயது இளையவனான எனக்கோ பிறப்பே பதியப்படவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அப்பா தள்ளிக்கொண்டே வந்திருந்தார். தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி அப்பாவிடம் வந்து வழி சொன்னார்: "பள்ளிக்கூடத்துல பெரியவன் பேரு குடுத்தாச்சு, பொறப்புப் பத்திரமும் இருக்கு. சின்னவன அனுப்பு லா, யாருக்குத் தெரியப் போவுது?"

அம்மா அண்ணனுக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை, கஞ்சி வாசம் போகாமலே, கையை இரண்டு மடிப்பு மடித்து எனக்குப் போட்டுவிட்டார்.

முதல் நாள் ஆசிரியர் "சண்முகம்" என்றார். கதிரேசனாகிய நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்து வீட்டு மாரி என் இடுப்பில் குத்தினான். "டேய், செத்துப்போனவன கூப்புடுறாரு, எந்திரிடா."

எழுந்தேன். அன்று முதல் சண்முகமாகவே படித்தேன், வேலை பார்த்தேன், மணம் முடித்தேன், இரண்டு ஆண்டு முன்னதாகவே பணி ஓய்வும் பெற்றேன். அம்மா மட்டும் கடைசிவரை என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. "இந்தா", "இங்க வா", அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தோட்டமும் இல்லை, சுடுகாடும் இல்லை. மாடிவீடுகள் வரிசையாக நிற்கின்றன. அண்ணன் எந்த வீட்டுக்கு அடியில் என்று சொல்ல முடியாது. அவன் இருந்தான், போனான் என்பதற்கு ஒரு தாளாவது இருக்கட்டும் என்று, சத்தியப் பிரமாணம், இணைப்புகள், மூன்று பிரதிகள் என எல்லாம் முறைப்படி வைத்து, இறப்பைப் பதிய விண்ணப்பித்தேன். முகப்பிலிருந்த பெண் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், இது உங்க பேருதானே? நீங்கதான் முன்னாடி நிக்கிறீங்க லா."

"அதுதாம்மா பிரச்சினை."

நான்கு நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பிறகு பதில் வந்தது. சண்முகம் உயிருடன் இருப்பதைப் பதிவேடுகள் உறுதி செய்வதால் அவருடைய இறப்பைப் பதிய இயலாது. விதிப்படி பிழையில்லாத பதில். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, எந்தப் படிவம் என்றும் தெரியும். செய்யவில்லை. சண்முகம் உயிருடன் இருக்கிறான் என்ற அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டு, பழைய வழக்கப்படி, கடிதம் கைக்கு வந்த தேதியை மேல் மூலையில் குறித்துக் கோப்பில் வைத்தேன்: ஜனவரி. இந்த ஆண்டும் அன்றுதான் பள்ளி திறந்த முதல் நாள்.