அத்தை கேட்ட மன்னிப்பு

மூன்று வருடங்களாக எங்களோடு முகம் கொடுத்துப் பேசாத அத்தை, ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். வெறுங்கையோடு வந்திருந்தாள். முதல் சந்தேகமே அதில்தான் வந்தது. ஒரு கிண்ணத்தில் ரெண்டு கொழுக்கட்டை கொண்டு வந்திருந்தால், ஏதோ காரியமாக வந்திருக்கிறாள் என்று விளங்கியிருக்கும். ஒன்றும் இல்லாமல் வந்தவளை என்னவென்று நினைப்பது?

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். லயம் என்கிற ஒரே வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் குடியிருந்தோம். நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். அவள் வீட்டில் கடுகு வெடித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். மூன்று வருடமாகப் பேச்சு இல்லையே தவிர, இரண்டு வீட்டாரும் சுவரில் காது வைத்தபடிதான் வாழ்ந்தோம். அப்படிப்பட்ட குடும்பம் எங்களுடையது. நான் அப்போது பத்து வயதுச் சிறுமி. அந்தக் கலையில் அம்மாவுக்கு அடுத்தபடி நான்தான் தேர்ந்தவள்.

அத்தை உள்ளே வந்து, உட்காராமல், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணி, மூணு வருஷமா ஒங்க மேல கசப்ப வச்சிக்கிட்டே இருந்துட்டேன். பீலிக்கரையில அத்தன பேரு முன்னாடி வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். என்னய மன்னிச்சிருங்க."

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அத்தை தேநீரைக் குடித்துவிட்டுப் போனாள். அவள் குடித்த கிளாசை அம்மா இரண்டு முறை கழுவினாள்.

"என்னமோ இருக்கு" என்றாள்.

"மனசு மாறி வந்திருப்பா. இது தவக்காலம்தானே" என்றார் அப்பா.

"மூணு தவக்காலம் மாறாத மனசு இந்தச் சனிக்கெழம மட்டும் எப்பிடி மாறுச்சு?"

 அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சண்டை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் பெய்த பெருமழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துப் பிளந்தது, எப்போதும் சரியலாம் என்று பயம். சில குடும்பங்களுக்குத் தனிவீடு கட்டிக் கொடுப்பதாகத் தோட்டத்தில் பட்டியல் போட்டார்கள். அத்தையின் பெயர் அதில் இருந்தது, எங்கள் பெயர் இல்லை. பத்து நாள் கழித்து ஆபீசுக்கு ஒரு பெட்டிசம் போனது. கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம். அத்தை தோட்டத்து வேலையை விட்டு எட்டு மாதமாகிறது, மாமாவும் கொழும்புக்குப் போனவர் திரும்பவில்லை, இந்தக் குடும்பத்துக்கு எப்படி வீடு கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அத்தனையும் உண்மை. அத்தையின் பெயரை வெட்டிவிட்டார்கள்.

எழுதியது அம்மாதான் என்று அத்தை பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கும் குடங்கள் வரிசையில் இருக்க, லயமே கேட்கும்படி சத்தம் போட்டாள். அம்மா அதே இடத்தில் என்னை இழுத்து நிறுத்தினாள். "இந்தப் புள்ள தலையில அடிச்சு சத்தியமா சொல்றேன், நான் எழுதல" என்று என் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சுற்றி நின்றவர்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டேன், ஒழுங்காக வளர்ந்தேன். ஆகவே அம்மா சொன்னது உண்மை, அத்தை சொன்னது அபாண்டம். என்னைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும்? வகுப்பில்கூட இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சாதாரணத் தடிமன் காய்ச்சலுக்கெல்லாம் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதை மட்டும் அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். ஒற்றைப் பிள்ளை என்று செல்லம் அதிகம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். தேயிலை பக்டரிக்கு மேலே, வெள்ளைத் துரைமார் காலத்தில் கட்டிய சின்னக் கற்கோயில் எங்களுடையது. மாதத்தின் முதல் ஞாயிறு ஹட்டனிலிருந்து போதகர் ஆட்டோவில் வந்து திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுப்பார். அதற்கு முன்னால் ஒவ்வொரு மாதமும் ஒரே எச்சரிக்கை: யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகுங்கள், பிறகு இந்த மேசைக்கு வாருங்கள். அந்த மூன்று வருடமும் அத்தை கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தே இருந்தாள். ஒருநாள்கூட அந்த மேசைக்கு எழுந்து போகவில்லை. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதல் ஆளாகப் போய் முழந்தாளிடுவாள். குற்றவாளி யார், நிரபராதி யார் என்பது மாதாமாதம் கோயிலிலேயே தெரிகிறதே என்று எனக்குத் தோன்றும்.

சரி, அத்தைக்கு வருவோம். மறுநாளே அம்மா என்னை வேவு பார்க்க அனுப்பினாள். "சும்மா வெளயாடப் போற மாதிரி போ. என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வா" என்றாள். அதுவரை அத்தை மகளோடு விளையாடினால் அடி விழும். அவளுக்கு ஏழு வயது. நான் போனதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். தன்னிடமிருந்த எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினாள். மூன்றாம் நாள், "அம்மாவோட போட்டோ பாக்குறியா?" என்று கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பைலை இழுத்தாள். அத்தை முறைத்துப் பார்க்கும் பாஸ்போர்ட் படங்கள் நான்கு இருந்தன. அவற்றின் கீழே ஒரு படிவம் இருந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், பிள்ளையை யார் பொறுப்பில் விட்டுப் போகிறார்கள் என்று கிராம சேவகரிடம் கொடுக்க வேண்டிய படிவம். பிள்ளையைப் பராமரிப்பவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தது. அது என் அம்மாவின் பெயர்.

நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு சாக்கடைக் கானில் விழுந்துவிட்டது. மூச்சு வாங்க அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முறத்தை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"அதானே பாத்தேன். புள்ளைய நம்ம தலையில கட்டிட்டு கப்பல் ஏறத்தான் இந்த மன்னிப்பு" என்றாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்குப் பெரிய முட்டை கிடைத்தது. அம்மா பாட்டுக்கூட முணுமுணுத்தாள். சந்தேகப்பட்டது சரியாகிவிட்டால் மனிதருக்கு இவ்வளவு நிம்மதி வருமா என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. அன்று நானும் அந்த நிம்மதியில் பங்கு கேட்டுத் துள்ளிக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிறு வந்தது. கோயிலுக்கு ஏறும் படிக்கட்டில் அத்தையை அம்மா மறித்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். இந்த வெற்றியில் என் பங்கு பெரியது அல்லவா?

"ஒரு கையெழுத்துக்காகத்தானே அன்னைக்கு வந்த? நேரா கேட்டிருக்கலாமே. எதுக்கு ஆண்டவர நடுவுல இழுத்த?"

அத்தையின் முகம் சிவந்தது. மறுப்பாள், அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மறுக்கவில்லை.

"ஆமா அண்ணி. ஒங்க பேர எழுதினது உண்மதான். அன்னைக்கு வந்தப்ப அதுவும் மனசுல இருந்துச்சு. வந்துட்டுப் போனப்பறம் எனக்கே கூசிப்போச்சு. கேக்குற மன்னிப்புல அது ஒட்டிக்கிட்டு இருக்கக்கூடாதுன்னு அழிச்சிட்டேன். வட்டவளையில அவரோட அக்கா பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. நீங்க கையெழுத்து போட வேணாம். ஒன்னும் செய்ய வேணாம். கசப்போட கடல் தாண்டிப் போகக் கூடாதுன்னு நெனச்சேன், அவ்வளவுதான்."

கோயில் மணி அடித்தது. அத்தை எங்களைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

நான் அம்மாவின் கையை இழுத்தேன். "பொய் சொல்றாங்கம்மா. அழிச்சாங்களான்னு நான் போய்ப் பாத்துட்டு வரவா?" அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. படியிலேயே நின்றிருந்தாள். முதல் பாட்டு முடியும் தறுவாயில்தான் நாங்கள் உள்ளே போனோம்.

போதகர் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். வாங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மூன்று வருடத்துக்குப் பிறகு அத்தை எழுந்து நடந்து போய் முழந்தாளிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எழவில்லை. அப்பா இரண்டு முறை தோளைத் தொட்டார். அம்மா தலையைக் குனிந்தபடி வாங்கின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.  அத்தையின் நாடகம் பிடிக்காமல்தான் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் முடிவு செய்தேன். அம்மாவைப் பார்த்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலைகூட மாற்றாமல் அத்தையின் காம்பிராவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சுவரில் காதை வைத்தேன். பேச்சு கேட்கவில்லை, அழுகைதான் கேட்டது. அம்மாவின் அழுகை. என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடிப் போய்க் கதவைத் தள்ளினேன். அம்மா தரையில் உட்கார்ந்து அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"எங்கம்மாவ என்ன செஞ்சீங்க?" என்று கத்தினேன். அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். கடித்தேன் என்று அம்மா பிற்காலத்தில் சொன்னாள். எனக்கு அது ஞாபகமில்லை, ஆனால் கடித்திருப்பேன்.

அம்மா நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அத்தை முந்திக்கொண்டாள்.

"ஒன்னுமில்ல பாப்பா. அத்தைதான் தப்பு பண்ணிட்டேன். அதான் அம்மா அழுவுறாங்க."

அந்த வாரமே அம்மா கிராம சேவகரிடம் போய், யாரும் கேட்காமலே அந்தப் படிவத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெரிய முட்டை அவளுக்குப் போக ஆரம்பித்தது. அத்தையின் தந்திரம் பலித்துவிட்டது, அம்மா ஏமாந்துவிட்டாள் என்று எனக்குள் ஒரே புகைச்சல்.

பல வருடங்கள் கழித்து, நான் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் புறப்படும்போது, பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த அம்மா தானாகவே சொன்னாள். அந்தப் பெட்டிசத்தை அவள்தான் எழுதினாளாம். கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுதினாளாம். நாத்தனாருக்கு வீடு, தனக்கு வெடித்த மலை என்பதைத் தாங்க முடியவில்லையாம். அத்தைக்கு முதல் நாளிலிருந்தே அது நிச்சயமாகத் தெரியும்.

"ஒன் தலையில கைய வச்சிட்டேன்டி. நீ ஒவ்வொரு தடவ இருமுறப்பவும் செத்துச் செத்துப் பொழச்சேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. என் உயிரை வைத்துப் பொய் சொன்னாளே என்பதைவிட, நான்தான் சாட்சி என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த அந்தச் சிறுமியை நினைத்தால்தான் அதிகம் வருகிறது. அத்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். வாசலில் ரோஜா வைத்திருக்கிறார்கள். அம்மா அந்த வழியாக நடப்பதில்லை.

அத்தை புறப்பட்ட காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஹட்டன் பஸ் நிலையத்தில் நல்ல பனி. புதுப் பையும் புதுச் செருப்புமாக அத்தை நின்றாள். அவள் மகள் என் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அப்பா டிரைவரிடம் என்னவோ விசாரித்துக்கொண்டிருந்தார். நான் தள்ளியே நின்றேன். அத்தை என் முன்னால் வந்து குனிந்தாள்.

"பாப்பா, போயிட்டு வாரேன். அத்தை மேல கோவமில்லயே?"

அந்தக் கேள்விக்கு நான் ஒரு வாரமாகவே தயாராக இருந்தேன். ஞாயிறு பள்ளியில் படித்ததெல்லாம் வீணாகக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

"பரவாயில்ல அத்தை. நான் ஒங்கள மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அம்மா "ஐயோ" என்று ஒரு அடி முன்னால் வந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து அழுத்தி நிறுத்தினாள். பிறகு பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல, கொஞ்சமும் சிரிக்காமல், "ரொம்ப சந்தோஷம் பாப்பா. இனி நிம்மதியா போவேன்" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் கிளம்பியது. நான் பெருந்தன்மையோடு கையாட்டினேன். அம்மா பஸ் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையையே பார்த்திருந்தாள். பாவம், என்னைப் போல மன்னிக்க அம்மாவுக்கு இன்னும் மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.